பிளவுஸுக்கு அரை நாள்: பவர் மெஷின் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: தேனியிலிருந்து ஒரு வாசகி, 2023 ஆகஸ்ட் 6

வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன் அக்கா. காலால் மிதிக்கும் மெஷின்தான். லைனிங் வைத்த ஒரு பிளவுஸுக்கு அரை நாள் போய்விடுகிறது. எங்கள் தெருவில் இன்னொருவர் அதே வேலையை இரண்டரை மணி நேரத்தில் முடிக்கிறார். அவரிடம் மோட்டாரில் ஓடும் பவர் மெஷின் இருக்கிறது. கடன் வாங்கியாவது நானும் ஒன்று வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?

2023 ஆகஸ்ட் 6, இரவு

இப்போதைக்குக் கடன் வேண்டாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளவுஸில் நீளமான தையலே கிடையாது. உடம்புக்குப் பொருந்த மடித்துத் தைக்கும் முன்பக்க டாட் 5 அங்குலம் வந்தாலே அதிகம். அங்குலத்துக்கு 10 தையல் என்று வைத்தால் மொத்தம் 50 தையல். நிதானமாக மிதித்தாலும் நிமிடத்துக்கு 400 தையல் விழும். ஆக, அந்த டாட்டுக்கு எட்டு வினாடி போதும். பவர் மெஷின் நிமிடத்துக்கு 4,000, 5,000 தையல் ஓடும் என்று கடையில் சொல்வது உண்மைதான். ஆனால் 5 அங்குலத் துணியில் அது வேகம் பிடிப்பதற்குள் தையல் முடிந்துவிடும். மிச்சமாவது ஆறேழு வினாடி. உங்கள் அரை நாள் அங்கே போகவில்லை.

அடுத்த பிளவுஸ் தைக்கும்போது பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். கை நிற்கும் ஒவ்வொரு முறையும் காரணத்தை ஒரு சொல்லில் எழுதுங்கள். நூல் அறுந்தது, கீழ்நூல் சுற்றிய பாபின் தீர்ந்தது, கோடு போடும் சாக்கைத் தேடியது, தப்பாக விழுந்ததைப் பிரித்தது, எதுவானாலும் எழுதுங்கள். சலிப்பான வேலைதான். ஒரே ஒரு பிளவுஸுக்குச் செய்தால் போதும்.

2023 ஆகஸ்ட் 7

தாள் நிரம்பும் வரை காத்திருக்காமல் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். ஊசியைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

என்னிடம் தையல் பழக வரும் பெண்களிடம் இதைக் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: உடைந்தபோது. உடையாத ஊசி நல்ல ஊசி என்றே எல்லோரும் நினைக்கிறோம். எட்டு மணி நேரம் ஓடிய ஊசியை மாற்றிவிடுங்கள் என்பதுதான் இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஜரிகை மேல் ஓடிய ஊசிக்கு அதற்கும் முன்பே முனை போய்விடும்.

முனை மழுங்கிய ஊசியும் தைக்கும், அதுதான் சிக்கல். முழுவதும் நின்றுவிட்டால் அன்றைக்கே மாற்றிவிடுவோம். இது பத்துத் தையலுக்கு ஒன்றை விடும், பட்டில் ஓர் இழையை இழுக்கும், லைனிங்கைச் சுருக்கும். நாமோ நூலின் இறுக்கத்தைத் திருகிப் பார்ப்போம், பாபின் கேஸைக் கழற்றித் துடைப்போம், நூல் சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுவோம். ஊசியைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வரும்.

தையல் ஏன் விட்டுப் போகிறது என்று தெரிந்துகொண்டால் சந்தேகம் சரியான இடத்துக்குப் போகும். முனைக்குப் பக்கத்தில் காது உள்ள ஊசியும் கீழே இன்னொரு நூலும் சேர்ந்து பூட்டுத் தையல் போடும் மெஷினுக்கு எலியாஸ் ஹோவ் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1846 இல். இன்றைக்கும் அதே வித்தைதான். ஊசி கீழே போய்ச் சற்றே மேலே எழும்பும்போது நூல் ஒரு சின்ன வளையமாக விரியும். அந்த நொடியில் கீழே சுற்றும் கொக்கி வந்து வளையத்தைக் கவ்வ வேண்டும். ஊசி மயிரிழை வளைந்திருந்தாலும் கொக்கி வளையத்தைத் தவறவிடும். அங்கே ஒரு தையல் விட்டுப்போகும்.

2023 ஆகஸ்ட் 9

மதுரையிலிருந்து ஒருவர், மழுங்கியதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறார். காதால் கண்டுபிடிக்கலாம். நல்ல ஊசி துணியில் இறங்கும் சத்தம் தனியாகக் கேட்காது. மழுங்கியது ‘டக் டக்’ என்று குத்தும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஊசியைக் கழற்றி, முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக இழுங்கள். நகத்தில் கீறல் விழுந்தால் முனை மடங்கியிருக்கிறது. வளைவு இருக்கிறதா என்று பார்க்க, ஊசித் தலையின் தட்டையான பக்கத்தைக் கண்ணாடி மேல் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். ஊசிக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள இடைவெளி கடைசி வரை ஒரே அளவாக இருக்க வேண்டும்.

ஊசியின் அளவு எண்ணையும் பாருங்கள். சாதாரணப் பருத்திக்கும் லைனிங்குக்கும் 14. மெல்லிய பட்டுக்கு 11. நாலைந்து மடிப்பு சேரும் இடத்துக்கு 16. ஒரே ஊசியில் எல்லாவற்றையும் ஓட்டினால் பட்டில் ஓட்டை தெரியும், தடித்த இடத்தில் ஊசி வளையும்.

2023 ஆகஸ்ட் 20

ஆடித் தள்ளுபடியில் வாங்கிய சேலைகளெல்லாம் இப்போது பிளவுஸுக்கு வந்து குவிகின்றன. எழுத நேரம் கிடைக்கவில்லை. இன்று கத்தரி.

எங்கள் சின்னாளபட்டித் தெருவுக்குச் சைக்கிளில் சாணைக்கல் பூட்டி ஒரு பெரியவர் வருவார். கத்தரியை வாங்கியதும் வெட்டிப் பார்க்க மாட்டார். கத்தரியின் வாயைத் திறந்து, வெட்டும் ஓரத்தை மேலே பார்க்கும்படி வெயிலில் பிடித்து, மெல்லத் திருப்புவார். கூரான ஓரம் கண்ணுக்கே தெரியாது. மழுங்கிய இடம் மட்டும் ஒரு வெள்ளைக் கோடாக மின்னும். என் கத்தரியில் அந்தக் கோடு நுனியிலிருந்து இரண்டு அங்குலத்துக்கு ஓடியது. “நுனியில நூல் வெட்டுறியா?” என்று கேட்டார். ஆமாம், தையல் முடிந்ததும் நூலை வெட்டுவதற்குப் பத்து அங்குலக் கத்தரியையே தூக்கிக்கொண்டிருந்தேன். நூலுக்கென்று ஒரு சின்னக் கத்தரியைத் தனியாக மெஷினிலேயே கட்டித் தொங்கவிடு என்றார். அன்றிலிருந்து அப்படித்தான்.

மழுங்கிய கத்தரி என்ன செய்கிறது என்று சொல்கிறேன். துணியை வெட்டாமல் மெல்லத் தள்ளும். மேல் மடிப்பு ஒரு நூல் அளவு முன்னால் நகரும். கை வளைவை வெட்டும்போது இரண்டு மடிப்பும் ஒன்றாக இருக்காது. வெட்டும்போது இது தெரியாது. கையைப் பூட்டும்போது ஒரு பக்கம் கொஞ்சம் மிஞ்சும். அதை இழுத்துச் சரிக்கட்டித் தைப்போம். பிறகு வாடிக்கையாளர் வந்து, இடது கை பிடிக்கிறது என்பார். பிரித்துத் தைக்கும் முக்கால் மணி நேரத்துக்குக் காரணம் கத்தரி என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

திருகாணியையும் சோதியுங்கள். ஒரு பிடியை மட்டும் பிடித்து, மற்றொன்றைத் தூக்கித் திறந்து விடுங்கள். தானாக மெல்ல இறங்கி மூட வேண்டும். தொப்பென்று விழுந்தால் தளர்வு, பாதியில் நின்றால் இறுக்கம்.

2023 ஆகஸ்ட் 21

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டுப் புதுக் கத்தரி வாங்கக் கிளம்பிவிட்டதாக இருவர் எழுதியிருக்கிறார்கள். பொறுங்கள். நல்ல இரும்புக் கத்தரி சாணைக்குக் கொடுக்கத்தான் இருக்கிறது. மீரட் கத்தரிகள் பழைய இரும்பை உருக்கித் தட்டிச் செய்பவை, பழுது பார்த்துப் பார்த்து ஒரு தலைமுறை தாண்டி ஓடுபவை என்று பெயர் வாங்கியவை. 2013 இல் அவற்றுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அப்படி ஒன்று வீட்டுப் பரணில் கிடந்தால் முதலில் அதை எடுங்கள். பிளாஸ்டிக் பிடி போட்ட மலிவுக் கத்தரிக்குச் சாணை பிடித்தாலும் கூர் அதிக நாள் நிற்பதில்லை.

வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் கத்தரியை ஒளித்து வையுங்கள். அட்டை வெட்டிய கத்தரி துணிக்கு உதவாது.

2023 செப்டம்பர் 3

தேனித் தங்கை தாளை அனுப்பியிருந்தார். பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் அதில் எல்லாமே இருக்கிறது. மெஷின் ஓடிய நேரம் முக்கால் மணிகூட இல்லை. கொக்கி கட்டியதும் ஓரம் மடித்துக் கைத்தையல் போட்டதும் இன்னொரு பெரும் பங்கு. மிச்சமெல்லாம் கை நின்ற இடங்கள்.

பாபின். ஒரே பாபினை வைத்துக்கொண்டு, தீரத் தீர நூல் சுற்றுகிறார். அதற்கு மேல்நூலைக் கழற்றி, சுற்றி, மறுபடி கோர்க்க வேண்டும். காலையில் உட்காரும்போதே ஐந்தாறு பாபினில் நூல் சுற்றி வைத்துவிட்டால் இந்த வேலையே இல்லை. ஒன்று கவனம்: எல்லாம் ஒரே வகை பாபினாக இருக்கட்டும். பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்து உயரம் அரை மில்லிமீட்டர் மாறினாலும் நூலின் இறுக்கம் மாறிவிடும்.

சாக். அவருடைய சாக் தேய்ந்து மொண்ணையாகி, கோடு கால் விரற்கடை அகலத்துக்கு விழுகிறது. அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் வெட்டுவது என்று ஒவ்வொரு முறையும் கை யோசிக்கிறது. இதற்குக் காசே தேவையில்லை. குளித்துக் குளித்து மெலிந்துபோன சோப்புச் சில்லை எடுத்துக் காயவைத்துப் பாருங்கள். ஓரம் மெல்லியதாக இருக்கும், அடர்ந்த நிறத் துணியில் கோடு ஒல்லியாக விழும், துவைத்தால் போய்விடும். பட்டில் மட்டும் ஓரத் துண்டில் சோதித்த பிறகு போடுங்கள்.

பிரிப்பது. பாதி பிளேடால் பிரிக்கிறார். ஏறக்குறைய எல்லோரும் அப்படித்தான். பிளேடைப் பிடிக்கும்போது துணி கிழிந்துவிடுமோ என்ற பயத்திலேயே கை மெதுவாகப் போகிறது. தையல் பிரிக்கவென்று கவட்டை முனை உள்ள சின்னக் கருவி விற்கிறது. அதன் ஒரு முனையில் சிவப்புக் குமிழ் இருக்கும். அந்தக் குமிழ் துணிப் பக்கம் இருக்கும்படி நுழைத்துத் தள்ளினால் துணி வெட்டுப்படாது. விலை ஒரு கொக்கி அட்டையைவிடக் கொஞ்சம்தான் கூட.

2023 செப்டம்பர் 4

நேற்று எழுதும்போது விட்டுப்போனது அளவு நாடா. பழைய நாடா நீண்டுவிடும். பாதி அங்குலம் நீண்ட நாடாவால் அளவெடுத்து அதே நாடாவால் வெட்டினால் பெரிய வித்தியாசம் தெரியாது. வாடிக்கையாளர் தன் வீட்டில் வேறு நாடாவால் எடுத்து எழுதிக்கொண்டு வந்த அளவுக்கு வெட்டும்போதுதான் பிளவுஸ் தொளதொளக்கும். இரும்பு அளவுகோலின் பக்கத்தில் நாடாவை நீட்டி வைத்துப் பாருங்கள். கோடுகள் ஒத்துப்போகவில்லையென்றால் நாடாவைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். நுனியில் உள்ள தகரம் ஆடினாலும் அப்படியே.

2023 செப்டம்பர் 17

யோசித்துப் பார்த்ததில், இதுவரை எழுதியவற்றுக்கு ஓர் எல்லை சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. நேரம் எடுக்கும் எல்லாமே கெட்டதில்லை.

பட்டுப் பிளவுஸில் துணியையும் லைனிங்கையும் சேர்த்து முதலில் கையால் ஓட்டுத் தையல் போடுகிறேன். கோயம்புத்தூர் நண்பர் ஒருவர், குண்டூசி குத்தினால் போதுமே, ஏன் வீணாக நேரம் செலவழிக்கிறீர்கள் என்று கேட்டார். பட்டில் குண்டூசித் தடம் போகாது. ஓட்டுத் தையலில் துணி நழுவாது, அடுத்து வரும் மெஷின் தையல் நேராக விழும், பிரிக்க வேண்டிய வேலை வராது. அந்தக் கால் மணி நேரம் வேலையின் பங்கு. கத்தரி மழுங்கியதால் போகும் கால் மணி நேரத்தை அப்படிச் சொல்ல முடியாது. அதனால் துணிக்கும் பயனில்லை, நமக்கும் இல்லை, முதுகுவலிதான் மிச்சம்.

எனவே தாளில் எழுதும்போது இரண்டையும் பிரித்து எழுதுங்கள். மெதுவாகப் போனதால் துணி அழகாக வந்ததா? ஆம் என்றால் அந்த வேலையை விட்டுவிடாதீர்கள்.

2023 அக்டோபர் 2

இன்று விடுமுறை. கடை மூடியிருக்கிறது, அதனால் கொஞ்சம் விலகிப் போகிறேன்.

1924 இல் சாந்திநிகேதன் மாணவரான ஜி. ராமச்சந்திரன் காந்தியிடம், நீங்கள் எல்லா இயந்திரங்களுக்கும் எதிரானவரா என்று கேட்டார். இல்லை என்று சொல்லி, விதிவிலக்காக காந்தி எடுத்துக் காட்டியது சிங்கர் தையல் மெஷினை. மனைவி கையால் தைத்துத் தைத்துச் சிரமப்படுவதைப் பார்த்து அன்பினால் சிங்கர் அதை உருவாக்கினார் என்றார். சிங்கரின் வாழ்க்கையைப் படித்தவர்கள் அந்தக் கதையை அப்படியே ஏற்பது கடினம், அவர் பணம் பார்க்கத்தான் இறங்கினார். எனக்கு அந்த உரையாடலில் பிடித்தது வேறு. ஓர் இயந்திரத்தை எடைபோடும்போது அது யாருடைய உடல் வருத்தத்தைக் குறைக்கிறது என்று காந்தி கேட்கிறார். காந்தியிடம் கேள்வி கேட்ட அந்த ராமச்சந்திரனே பின்னாளில் தன் மனைவி சௌந்தரம் அம்மையாருடன் சேர்ந்து 1947 இல் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தை நிறுவினார். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

நம் பெண்கள் கடையிலும் வீட்டிலும் எல்லோருடைய வசதியையும் பார்ப்பார்கள், தங்கள் கையில் உள்ள கத்தரியைப் பார்க்க மாட்டார்கள். சமையலறையில் பிடி ஆடும் வாணலியைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டே வருடங்களை ஓட்டுவார்கள். பழகிவிட்டது என்பார்கள். இந்தப் பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. நூறு ரூபாய்ச் சாமானுக்குத் தன் நேரத்தை விட்டுக்கொடுப்பதைப் பொறுமை என்று பாராட்டக் கூடாது.

2023 அக்டோபர் 29

தீபாவளிக்கு இரண்டு வாரம்தான். இப்போது எதையும் புதிதாக மாற்றாதீர்கள். புதுக் கத்தரி கைக்குப் படியவும் நேரம் வேண்டும், புது மெஷினுக்கு இன்னும் அதிகம். ஊசி மட்டும் விதிவிலக்கு. இந்த நெருக்கடியில் அதைத் தினமும் மாற்றினாலும் தகும்.

2023 நவம்பர் 19

ஊசியில் நூல் கோர்க்கவே நேரம் போகிறது, நூல் பிரிபிரியாக வருகிறது, எந்த நூல் நல்லது என்று ஓர் அம்மா கேட்டிருக்கிறார். வயது நாற்பத்தாறு என்றும் எழுதியிருக்கிறார்.

அம்மா, நூல் இருக்கட்டும். கண்ணைக் காட்டுங்கள். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வரும். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகி, கிட்டத்தில் உள்ளதற்கு வளைந்து கொடுக்காது. செய்தித்தாளைக் கை நீட்டிப் படிக்கலாம், ஊசிக் காதை அப்படிக் கை நீட்டிக் கோர்க்க முடியாது. படிக்கும் கண்ணாடி போட்டுக்கொள்ளத் தயங்குபவர்கள் நம் தொழிலில் ஏராளம். கண் மருத்துவரிடம் போகும்போது, தைக்க உட்காரும்போது கண்ணிலிருந்து ஊசி வரை எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதிக்கொண்டு போங்கள். புத்தகம் படிக்கும் தூரமும் தைக்கும் தூரமும் ஒன்றாக இருக்க வேண்டுமென்பதில்லை.

வெளிச்சமும் கருவிதான். தலைக்குப் பின்னால் குழல் விளக்கு இருந்தால் உங்கள் நிழலே ஊசி மேல் விழும். மெஷின் தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சின்ன எல்இடி விளக்கு கிடைக்கிறது. கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைக்கும்போது அதன் அருமை தெரியும். ஊசிக்குப் பின்னால் ஒரு துண்டு வெள்ளைத் தாளைப் பிடித்தால் காது பளிச்சென்று தெரியும், விளக்கு வாங்கும் வரைக்கும் அது போதும்.

2023 டிசம்பர் 3

தேனித் தங்கைக்கு ஒரு பள்ளியிலிருந்து சீருடை வேலை வந்திருக்கிறதாம். பாவாடை, சட்டை, மொத்தமாக. நல்ல செய்தி. இப்போது பவர் மெஷின் கணக்கு மாறுகிறது. சீருடைப் பாவாடையின் கீழ் ஓரம் இரண்டு கஜத்துக்கு மேல் ஓடும், மடிப்புகள் அடுக்கடுக்காக வரும், துணியும் தடிமன். நைட்டி, திரைச்சீலை, சேலைக்கு ஃபால்ஸ் எல்லாமே இந்த வகைதான். அங்கே வேகம் காசாகும். வாங்குங்கள்.

மோட்டாரைக் கேட்டு வாங்குங்கள். பழைய கிளட்ச் மோட்டார் சுவிட்ச் போட்டதிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும், நீங்கள் துணியை அடுக்கும்போதும் மின்சாரம் போகும், சத்தமும் ஓயாது. சர்வோ மோட்டார் பெடலை அழுத்தினால்தான் ஓடும். உச்ச வேகத்தைக் குறைத்து வைக்கவும் முடியும். மிதித்துப் பழகிய காலுக்கு முதல் வாரங்களில் அது பெரிய பாதுகாப்பு, விரலுக்கும்தான்.

2023 டிசம்பர் 27

மெஷின் காலையில் கனமாக ஓடுகிறது, பத்து மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது என்று கொடைக்கானல் மலையடிவாரத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். என்ன எண்ணெய் விடுகிறீர்கள் என்று கேட்டேன். தேங்காய் எண்ணெயாம்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பிக்கும். மார்கழிக் காலையில் குளியலறைப் புட்டியில் நடப்பதுதான் மெஷினின் மூட்டுகளுக்குள்ளும் நடக்கிறது. உறையாத நாட்களிலும் பஞ்சுத் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். எள்ளெண்ணெய் விட்டாலும் பிசின்தான். காலுக்குத் தெரியும், ஆனால் குளிர் என்று நினைத்துக்கொண்டு இன்னும் அழுத்தி மிதிப்போம்.

மெஷின் எண்ணெய் என்றே சின்னப் புட்டியில் விற்கும், தண்ணீர் மாதிரி மெல்லியதாக இருக்கும். ஆனால் பிசின் மேல் அதை விட்டுப் பயனில்லை. முதலில் ஊசியையும் நூலையும் கழற்றிவிடுங்கள். எண்ணெய் விடும் துளைகளில் நாலைந்து சொட்டு மண்ணெண்ணெய் விட்டுச் சக்கரத்தை நன்றாகச் சுற்றுங்கள். பழுப்பாக வழிவதைத் துணியால் துடையுங்கள். வழிவது தெளிவாகும் வரை திரும்பச் செய்யுங்கள். பக்கத்தில் அடுப்பு, விளக்கு எதுவும் எரியக் கூடாது. பிறகு மெஷின் எண்ணெய் விட்டு, ஒரு பழைய துணியைக் கொஞ்ச நேரம் சும்மா ஓட்டுங்கள், மிஞ்சிய எண்ணெயை அது எடுத்துக்கொள்ளும். பற்கள் மேலும் கீழும் ஏறி இறங்கித் துணியை நகர்த்துமே, அதற்கு மேலே உள்ள தகட்டையும் கழற்றிப் பாருங்கள். அடியில் பஞ்சு கெட்டியாக அப்பியிருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்தால் வந்துவிடும்.

2024 ஜனவரி 7

கொடைக்கானல்காரர் சுத்தம் செய்துவிட்டாராம், ஆனாலும் மிதிக்கும்போது கீழ்ச் சக்கரம் சுற்றுகிறது, மேலே மெஷின் தலை அதே வேகத்தில் ஓடவில்லை என்கிறார். அது பெல்ட். தோல் பெல்ட் நாளாக நாளாக நீளும், ஈரக்காற்றில் இன்னும் தளரும். கம்பிக் கொக்கியைக் கழற்றி, அரை அங்குலம் வெட்டி, புதுத் துளை போட்டு மாட்டுங்கள். இழுத்துக் கட்டிவிட வேண்டாம், தலைச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் லேசாகச் சுற்ற வேண்டும். பொங்கல் வேலை தொடங்கும் முன் செய்துவிடுங்கள்.